பெட்டிக் கணக்கும் பூக் கணக்கும்: தேனீக்கள் பற்றிய ஒரு பழைய கேள்வி

தேனீக்கள் குறைகின்றனவா? குறைகின்றன என்றால் காரணம் நோயா, பூச்சிமருந்தா, காடு திருத்தியதா, தேன் எடுப்பவர்களா, தவறிப்போன மழையா? ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ 1962-இல் வெளிவந்ததிலிருந்து உலகம் இக்கேள்வியைக் கேட்டு வருகிறது. தென்னிந்தியாவில் 1991-க்குப் பிறகு இது ஆராய்ச்சிக்கூடத்தை விட்டுத் தேன் வளர்ப்பவர்களின் வீட்டுக் கொல்லைக்கே வந்துவிட்டது. விடைகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு பத்தாண்டிலும் ஒரு விடை முன்னுக்கு வந்து மற்றவற்றை ஓரங்கட்டியது.

தேனீக்கள் அழிந்தால் நான்கு ஆண்டுகளில் மனித இனமும் அழியும் என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக ஒரு வாக்கியம் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர் அப்படிச் சொன்னதற்குச் சான்று இல்லை. அவர் இறந்து சுமார் நாற்பது ஆண்டுகள் கழித்து, 1990-களின் நடுவில் ஐரோப்பியத் தேன் வளர்ப்பாளர்களின் போராட்டமொன்றில்தான் அந்த வாக்கியம் வெளிப்பட்டது என்பது தேடிப் பார்த்தவர்களின் முடிவு. இந்தப் பொய்யான எச்சரிக்கையால் ஒரு தீங்கு உண்டு. தேன், தேன்பெட்டி, மகரந்தச் சேர்க்கை என்ற மூன்று வெவ்வேறு செய்திகளை அது ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. தேன் விளைச்சல் கூடும்போதே மகரந்தச் சேர்க்கை குறையலாம். பெட்டிகள் பெருகும்போதே காட்டுத் தேனீ அருகலாம். இதுவரை சொல்லப்பட்ட விடைகளில் பல, இந்த மூன்றில் ஒன்றை அளந்துவிட்டு மற்ற இரண்டையும் அளந்ததாக எடுத்துக்கொள்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை முன்வைத்து அவ்விடைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதை இழக்கிறோம் என்ற கணக்கு

உலகின் முக்கியமான 115 உணவுப் பயிர்களில் 87 பயிர்களுக்கு விலங்குகள் வழியான மகரந்தச் சேர்க்கை ஏதோ ஒரு அளவில் பயன்படுகிறது என்று 2007-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: எடையளவில் பார்த்தால் உலக உணவு உற்பத்தியில் சுமார் 35 விழுக்காடுதான் இத்தகைய பயிர்களிலிருந்து வருகிறது. முதல் எண்ணை மேற்கோள் காட்டுபவர்கள் இரண்டாவதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். நெல்லுக்குத் தேனீ வேண்டாம், அது தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும். கம்புக்கும் சோளத்துக்கும் காற்றும் தன்மகரந்தமும் போதும். தேனீ இல்லாவிட்டால் சோறு இருக்கும், குழம்புக்கும் பொரியலுக்கும் போடுவதற்குத்தான் தட்டுப்பாடு வரும் என்று சொன்னால் பெரிய பிழையாகாது. பூசணி, பாகல், பீர்க்கு, எள், சூரியகாந்தி, முந்திரி, ஏலம், வெங்காய விதை ஆகிய எல்லாவற்றுக்கும் பூச்சி வேண்டும்.

எந்தப் பூச்சி என்பதில்தான் சிக்கல். கத்தரி, தக்காளிப் பூக்களின் மகரந்தப்பை நுனியில் சிறு துளைதான் இருக்கும். பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிர வைக்கும் பூச்சியால்தான் மகரந்தத்தை நன்றாக உதிர்க்க முடியும். தச்சுத் தேனீயும், தரையில் வளை தோண்டும் நீலவரித் தேனீயும் இதைச் செய்யும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. முருங்கைப் பூவுக்கும் தச்சுத் தேனீ முக்கியமான வாடிக்கையாளர் என்று ஆந்திரத்தில் செய்யப்பட்ட ஆய்வுகள் காட்டின. மாம்பூவைப் பெரிதும் நாடுபவை ஈக்கள். 41 பயிர் அமைப்புகளை உலகெங்கும் ஒப்பிட்டு 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வின்படி, ஒரே அளவு வருகைக்குக் காட்டுப் பூச்சிகள் தந்த காய்ப்பிடிப்பு பெட்டித் தேனீக்கள் தந்ததைப்போல இரு மடங்கு. எனவே தேனீக்கள் பிழைத்திருக்கின்றனவா என்று கேட்டு, பெட்டிகளை எண்ணி விடை சொல்வது கேள்வியைத் தவறவிடுவதாகும். பெட்டிகளை எண்ணினால் கவலைப்படக் காரணமே இல்லை. 1961-இலிருந்து 2000-களின் இறுதிவரை உலகில் வளர்ப்புத் தேனீக் கூட்டங்கள் சுமார் 45 விழுக்காடு கூடியிருந்தன.

காட்டுப் பூச்சிகளை எண்ணியவர்கள் மிகச் சிலர். செர்மனியின் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் 27 ஆண்டுகள் பொறி வைத்துப் பிடித்த பறக்கும் பூச்சிகளின் எடை 76 விழுக்காடு சரிந்திருந்ததாக 2017-இல் வெளியான கணக்கு உலகை உலுக்கியது. இந்தியாவில் அதற்கு நிகரான நீண்ட காலத் தரவு இல்லை. கல்கத்தா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுற்றுவழியாக ஒரு கணிப்புக்கு வந்தார்கள். பூச்சியை நம்பிய காய்கறிகளின் ஏக்கர் விளைச்சல் 1990-களுக்குப் பிறகு தேக்கம் கண்டது. பூச்சி தேவையில்லாத பயிர்களில் அப்படி இல்லை. ஆகவே பூச்சி குறைந்திருக்கலாம் என்றார்கள். சுவையான வாதம்தான். ஆனால் விதை, நீர், மண், விலை என்று விளைச்சலைத் தேக்கக்கூடியவை இன்னும் எத்தனையோ உண்டு.

முதல் விடை: நோய்

தென்னாட்டில் தேனீக் குறைவு பற்றிய பேச்சு மார்த்தாண்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மண்பானையிலும் மரப்பொந்திலும் குடியேறிய அடுக்குத் தேனீயிடம் தேன் எடுப்பது அங்கே பழைய வழக்கம். 1911-க்கும் 1917-க்கும் இடையே திருச்சிராப்பள்ளியில் பாதிரியார் நியூட்டன் இத்தேனீயின் சிறிய உடலுக்கேற்ற பெட்டியை வடிவமைத்துக் கிராமத்தவருக்குப் பயிற்சி அளித்தார். இன்றும் அதற்கு நியூட்டன் பெட்டி என்றே பெயர். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஊர்ப்புற மேம்பாட்டு மையத்தை நடத்திய அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்ச், கோழி வளர்ப்போடு தேன் வளர்ப்பையும் ஏழைக் குடும்பங்களின் துணை வருமானமாகப் பரப்பினார். நிலம் இல்லாதவரும் செய்யலாம் என்பது இத்தொழிலின் சிறப்பு. பெட்டி நம்முடையது, பூ பிறருடையது. இன்றும் கன்னியாகுமரி மாவட்டத்தில் பலர் பிறர் ரப்பர் தோட்டத்தில் பெட்டி வைத்துத்தான் பிழைக்கிறார்கள்.

1991-92-இல் அந்தப் பிழைப்பு ஏறக்குறைய ஒரே பருவத்தில் சரிந்தது. தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் புழுப் பருவத்தையே தாக்குவது. புழு கூட்டுப்புழுவாக மாறாமல் நீர் கோத்த பைபோலாகிச் சாகும். வளர்ந்த தேனீக்கள் நலமாகத் தெரியும், ஆனால் அடுத்த தலைமுறை வராது. 1976-இல் தாய்லாந்தில் பிரித்தறியப்பட்டு, சில ஆண்டுகளில் வடகிழக்கு இந்தியாவில் தென்பட்ட இந்நோய் தெற்கே வந்தபோது கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்றிலும் வளர்ப்புக் கூட்டங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்ததாகப் பரவலாகப் பதிவாகியுள்ளது. காலிப் பெட்டிகள் விறகாயின. கூலி வேலைக்கும் ரப்பர் பால் வெட்டவும் போனவர்கள் பலர்.

நோய் என்ற விடைக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. இருந்தும் அதில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. முதலாவது, வைரஸ் எப்படி வந்தது என்பது இன்னும் தீராத வழக்கு. ஐரோப்பிய இனமான இத்தாலியத் தேனீயைத் தெற்கே கொண்டுவந்ததைச் சிலர் குற்றம் சொல்கிறார்கள். பெட்டிகளை லாரியில் ஏற்றி மாநிலம் விட்டு மாநிலம் நகர்த்தும் வழக்கமே நோயைப் பரப்பியது என்கிறார்கள் வேறு சிலர். இரண்டாவது விளக்கம் எனக்குச் சற்றுக் கூடுதலாகப் பொருந்தித் தெரிகிறது. கூட்டங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, பருவந்தோறும் ஒரே தோட்டங்களில் கலக்கும் இடத்தில் தொற்று பரவ வேறு துணை தேவையில்லை. ஆனால் இது ஊகமே.

இரண்டாவது ஓட்டை, தேனீக்கள் மீண்டு வந்த விதத்தில் இருக்கிறது. மருந்தோ தடுப்பூசியோ இந்த மீட்சியைத் தரவில்லை. தாக்குப்பிடித்த கூட்டங்களும், பாறை இடுக்கிலும் மரப்பொந்திலும் இருந்து பிடித்துவந்த புதிய கூட்டங்களும்தான் பத்தாண்டுக்குள் தொழிலை மீட்டன. அதாவது சுற்றியிருந்த காட்டுத் தேனீக் கூட்டங்கள்தான் வளர்ப்புத் தொழிலுக்குக் காப்பீடாக இருந்தன. நோய் ஒரு நிகழ்வு. அந்த நிகழ்வுக்குப் பின் எழுந்து நிற்க முடியுமா என்பதை நிலமும் காடும் தீர்மானிக்கின்றன. நோயை மட்டும் பேசும் விடை இந்தப் பாதியைத் தொடுவதில்லை.

இரண்டாவது விடை: மருந்து

உழவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் விடை இதுதான்: மருந்தடிக்கிறார்கள், ஈ செத்துப்போகிறது. அதில் உண்மை இருக்கிறது. மருந்து என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிய இரசாயனங்களின் வரலாறுதான் வளைந்து நெளிந்து போகிறது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வானிலிருந்து தெளிக்கப்பட்டு, மனித உடல்களில் ஆறாத் துயரை விட்டுச்சென்ற எண்டோசல்பான், பூச்சியியல் நூல்களில் மகரந்தச் சேர்க்கையாளர்களுக்கு ஒப்பீட்டளவில் மென்மையான மருந்து என்ற பெயரோடு இருந்தது. 2011-இல் உச்சநீதிமன்றம் அதைத் தடுத்தபோது உற்பத்தியாளர் தரப்பு முன்வைத்த வாதங்களில் இதுவும் ஒன்று. அதன் இடத்துக்கு வந்தவற்றில் இமிடாகுளோபிரிட் முதலான நியோனிக்கோட்டினாய்டுகள் உண்டு. இவை மனிதருக்கு ஒப்பீட்டளவில் குறைந்த நஞ்சு, தேனீக்கு மிகக் கடுமையான நஞ்சு. ஒரு தீமையை நீக்கும்போது அதன் இடத்தில் என்ன வந்து உட்காரும் என்பதை ஒழுங்குமுறை அமைப்புகள் முன்கூட்டிக் கேட்பதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் மூன்று நியோனிக்கோட்டினாய்டுகளுக்குக் கட்டுப்பாடு விதித்து, 2018-இல் திறந்தவெளிப் பயன்பாட்டை முழுமையாகத் தடுத்தது. இடையில் 2017-இல் பிரிட்டன், செர்மனி, ஹங்கேரி மூன்றிலும் ஒரே முறையில் நடந்த பெரிய வயல் ஆய்வு எல்லோரையும் குழப்பியது. ஹங்கேரியிலும் பிரிட்டனிலும் தீங்கு தெரிந்தது. செர்மனியில் அப்படித் தெரியவில்லை. வயலைச் சுற்றி வேறு பூக்கள் எவ்வளவு இருந்தன, கூட்டங்களில் நோய் எவ்வளவு இருந்தது என்பவற்றைப் பொறுத்து அதே மருந்து வேறு வேறு விளைவு தரக்கூடும் என்பது அதற்கான விளக்கங்களில் ஒன்று. தீங்கு இல்லை என்பதற்கு இது சான்றாகாது. தீங்கின் அளவைச் சூழலும் சேர்ந்து தீர்மானிக்கிறது என்பதற்கே சான்று.

மனிதர் கையால் மகரந்தம் பூசும் சீனத்துச் சிச்சுவான் மாகாணத்தின் ஹன்யுவான் பேரிக்காய்த் தோட்டங்கள், மருந்தின் கேட்டுக்கு எடுத்துக்காட்டாகப் பல இடங்களில் சொல்லப்படுகின்றன. அங்கே நேரில் ஆய்ந்தவர்கள் தந்த படம் இவ்வளவு எளியதல்ல. மருந்துக்கு அஞ்சித் தேன் வளர்ப்பவர்கள் பெட்டி கொண்டுவர மறுத்தது உண்மை. அதோடு, நல்ல விலை கிடைத்த பேரி இனம் தன் மகரந்தத்தால் காய்க்காதது. மகரந்தம் தரும் மரங்களை நட உழவர்கள் நிலம் ஒதுக்கவில்லை. அந்நாளில் கூலி மலிவு. கூலி உயர்ந்தபோது அந்த முறையும் சுருங்கத் தொடங்கியது. பொருளாதாரத்தைச் சேர்க்காமல் மருந்துக் கதையை முழுதாகச் சொல்ல முடியாது.

நமக்கு அருகில் இதைச் சோதித்துப் பார்க்கத் தகுந்த இடம் இடுக்கி ஏலமலை. ஏலப்பூவில் சூலகமுடி மகரந்தப்பைக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதால் தானாகக் காய்ப்பது அரிது. அடுக்குத் தேனீயும் மலைத்தேனீயும் வந்தால்தான் காய். அதே ஏலம்தான் நாட்டில் மிக அதிகமாக மருந்து தெளிக்கப்படும் பயிர்களில் ஒன்று. தேனீ தேவைப்படும் தோட்டக்காரரே தேனீயைக் கொல்வது எதனால்? தண்டுதுளைப்பானால் வரும் நட்டம் அடுத்த மாதமே கண்ணுக்குத் தெரியும். தேனீ குறைந்ததால் வரும் நட்டம் மழை, விலை ஆகியவற்றோடு கலந்து மறைந்துவிடும். பக்கத்துத் தோட்டம் நிழல் மரங்களோடு இருந்தால் அங்கிருந்து தேனீ வரும், நட்டம் இன்னும் மறையும்.

மூன்றாவது விடை: நிலம்

ஆய்வாளர்களிடையே இன்று அதிக ஆதரவு பெற்றிருப்பது வாழிட இழப்பு என்ற விடை. பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையே புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மறைந்து, சீகை, தைலமரம், பைன் ஆகிய அயல்மரங்கள் அங்கே பரவியதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. நீலகிரியிலும் இதே கதைதான். வனத்துறையும் காகித, ரேயான் ஆலைகளும் சேர்ந்து மரமில்லாத இடத்தைத் தரிசு என்று கருதிய காலத்தின் விளைவு அது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியின் இடம் அந்தப் புல்வெளி. அதில் 2006-இலும் 2018-இலும் பூத்தது எஞ்சியிருந்த பகுதி மட்டுமே.

ஆனால் தேன் கணக்கைப் பார்த்தால் படம் தலைகீழாகிறது. தைலமரம் நிறையத் தேன் தரும். ரப்பரோ அதைவிட விசித்திரம். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதே இல்லை. மார்கழி, தை மாதங்களில் இலையுதிர்ந்து புதுத் தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகள் சேரும் காம்பு நுனியில் உள்ள சுரப்பிகளிலிருந்து கசியும் மதுவைத் தேனீக்கள் திரட்டுகின்றன. மார்த்தாண்டம் வட்டாரத்துத் தேனில் பெரும்பங்கு இதுவே. தை முதல் பங்குனி வரை பெட்டிகள் நிரம்பி வழியும். ஆனால் அந்த இலைக்காம்பில் மகரந்தம் இல்லை. புழுக்களை வளர்க்க மகரந்தம்தான் வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அதே தோட்டத்தில் உண்ண ஏதுமில்லாமல் கூட்டம் மெலியும். வளர்ப்பவர் சர்க்கரைப்பாகு ஊற்றிக் காப்பாற்றுவார். பெட்டித் தேனீக்குப் பாகு ஊற்ற ஆள் உண்டு. ஓரமாக வாழும் தச்சுத் தேனீக்கும் கொசுத் தேனீக்கும் யார் ஊற்றுவது? ஒரு மாவட்டம் தேனில் வளர்ந்துகொண்டே மகரந்தச் சேர்க்கையில் வறண்டுபோக முடியும் என்பதற்கு ரப்பர் நாட்டைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இது தர்க்கம் காட்டும் வழி. அங்கே காட்டுத் தேனீக்களைப் பல ஆண்டுகள் எண்ணிப் பார்த்தால்தான் உறுதிப்படும்.

காப்பியிடம் இன்னொரு பாடம் இருக்கிறது. அரேபிகா தன் மகரந்தத்தால் காய்க்கும். ரொபஸ்டாவுக்கு வேற்றுச் செடியின் மகரந்தம் வேண்டும். கோடை மழை பெய்து ஒரு வாரம் பத்து நாளில் ஒரு மலைச்சரிவு முழுதும் ஒரே வேளையில் பூத்து இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். குடகில் செய்து 2012-இல் வெளியான ஆய்வில், அந்தக் குறுகிய வேளையில் முதன்மையாக வேலை செய்தது மலைத்தேனீ. தேனீ வருகை காய்ப்பிடிப்பைக் கணிசமாக உயர்த்தியது. எல்லாத் தோட்டமும் ஒரே நாளில் பூத்தால் தேனீ பங்கிட்டுப் போய்விடுகிறது. தெளிப்பு நீரால் முன்பின்னாகப் பூக்கவைத்த தோட்டங்களுக்கு அந்தத் தட்டுப்பாடு குறைவு. மலைத்தேனீயைப் பெட்டியில் அடைக்க முடியாது. உயர்ந்த மரமும் பாறையும் இருக்கும் காட்டிலிருந்துதான் அது வரவேண்டும். நிலம் என்ற விடை இங்கே மிகவும் வலுவாக நிற்கிறது. காட்டின் பொருளாதார மதிப்பைத் தோட்டக்காரரின் கணக்குப் புத்தகத்திலேயே காட்டும் அரிய இடம் இது.

தேன் எடுப்பவர்களா காரணம்?

இந்த விடை வனத்துறையிடமிருந்து வந்தது. குறும்பர், இருளர், காட்டுநாயக்கர், பளியர், காடர், சோளகர் முதலான பழங்குடியினர் மலைத்தேனீயின் அடையை இரவில் புகை போட்டு, கொடியேணியில் இறங்கி எடுக்கிறார்கள். இதனால் காட்டுத்தீ பரவுகிறது, கூட்டம் அழிகிறது, கரடிக்கு உணவு குறைகிறது என்பது குற்றச்சாட்டு. 2002-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டதைத் தொடர்ந்து, கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலைச் சரணாலயத்தில் விற்பனைக்காக வனப்பொருள் சேகரிக்கத் தடை வந்தது. தேனும் நெல்லிக்காயும் பாசியும் விற்றுப் பிழைத்த சோளகக் குடும்பங்களின் ரொக்க வருமானம் பெரிதும் அடிபட்டது. வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. 2011-இல் அம்மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில் சோளகர்களின் சமூக வன உரிமைகளும் ஏற்கப்பட்டன. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படி நடந்தது அதுவே முதல்முறை.

எடுப்பவர்களே அழிக்கிறார்கள் என்ற வாதத்தின் பலவீனம் மலைத்தேனீயின் வாழ்க்கை முறையிலேயே இருக்கிறது. அது பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்வது. பூ முடிந்தால் அடையை விட்டுப் போய், அடுத்த ஆண்டு அதே மரத்துக்கோ பாறைக்கோ திரும்பும் கூட்டங்கள் உண்டு என்பதை மரபணுச் சோதனைகள் காட்டியுள்ளன. முழுக்கூட்டமும் எரியாமல், அடையின் ஒரு பகுதி விடப்பட்டு, சரியான மாதத்தில் எடுத்தால் கூட்டம் பிழைக்கும் என்பது எடுப்பவர்களின் கூற்று. 1990-களிலிருந்து கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் இதை ஏற்று, எடுக்கும் முறையைத் திருத்தி, நல்ல விலைக்கு விற்றுத் தர முயன்றன. மறுபக்கமும் சொல்லப்பட வேண்டும். தேன் குத்தகையை ஏலத்தில் எடுத்தவர் முன்பணம் கொடுத்து விரட்டும் இடத்தில் பழைய கட்டுப்பாடுகள் நிற்பதில்லை. நாளை இன்னொருவர் எடுத்துவிடுவார் என்ற அச்சம் இருந்தால் யாரும் மிச்சம் வைப்பதில்லை. ஆகவே யாருக்கு உரிமை என்பதே எவ்வளவு மிஞ்சும் என்பதையும் தீர்மானிக்கிறது எனலாம்.

சோளகர்கள் வைக்கும் எதிர்வாதம் இன்னும் ஆழமானது. சருகை மட்டும் எரிக்கும் சிறுதீயை அவர்கள் தரகு பெங்கி என்பார்கள். அதைத் தடுத்ததால்தான் உண்ணிச்செடி காடெங்கும் மண்டியது, நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது, தேன் தரும் மரங்களின் கன்றுகள் எழும்பவில்லை என்கிறார்கள். சூழலியலாளர்கள் சிலர் களத்தில் சோதித்து இதன் பகுதிகளை ஆதரித்துள்ளனர். உண்ணிச்செடிப் பரவலுக்குத் தீத்தடை மட்டுமே காரணமா என்பதில் உடன்பாடு இல்லை. மேய்ச்சலும் மழையும் கூடவே வருகின்றன. எப்படியிருப்பினும், தேன் எடுப்பதை நிறுத்தினால் தேனீ பெருகும் என்று எண்ணிக் கொண்டுவந்த தடை, தேனீக்கு நன்மை செய்ததற்கான சான்றை யாரும் முன்வைக்கவில்லை. தேனீயை ஆண்டுதோறும் பார்த்துவந்த கண்கள் காட்டிலிருந்து வெளியேறியதுதான் நடந்தது.

வெளவாலும் யானையும்

மகரந்தச் சேர்க்கை என்றதும் பூச்சியே நினைவுக்கு வருவதால் வெளவால் மறக்கப்படுகிறது. இலுப்பையும் இலவமும் இரவில் பூத்துப் பழந்தின்னி வெளவாலை அழைப்பவை. மதுரை வட்டாரத்தில் இது ஆராயப்பட்டிருக்கிறது. எண்ணெய்க்கும் பஞ்சுக்கும் ஊர்ப்புறம் நம்பிய இந்த மரங்களுக்கு வேலை செய்த விலங்கைச் சட்டம் எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அந்த அட்டவணை 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் நீங்கியது.

யானையைத் தேனீயால் தடுக்கலாம் என்ற யோசனை கென்யாவிலிருந்து வந்தது. பெட்டிகளைக் கம்பியில் கோத்து வயலைச் சுற்றித் தொங்கவிட்டால் பயிரும் பிழைக்கும், தேனும் கிடைக்கும். இலங்கையின் உடவளவையில் நடந்த ஒலிச் சோதனையில் ஆசிய யானைகளும் தேனீ இரைச்சலைக் கேட்டு விலகின. ஆனால் ஆப்பிரிக்க யானைகளின் பதற்றம் அவற்றிடம் இல்லை. நமது அடுக்குத் தேனீ ஆப்பிரிக்கத் தேனீ அளவுக்கு மூர்க்கமானதும் அல்ல. காதி கிராமத் தொழில் ஆணையம் 2021-இல் குடகில் இதைத் தொடங்கியது. கென்யாவின் நீண்ட அனுபவம் சொல்லும் எச்சரிக்கை நமக்கும் பொருந்தும்: வறட்சி வந்தால் பெட்டிகள் காலியாகும், வேலியும் அதோடு போகும். யானை ஊருக்குள் வருவதும் பெரும்பாலும் அதே வறட்சியில்தான்.

பருவம் தவறுதல்

காலநிலை மாற்றம் என்ற விடை எல்லாவற்றுக்கும் பொருந்திவிடுவதே அதன் குறை. தெளிவாகச் சொல்லத்தக்கவை சில. தை, மாசியில் எதிர்பாராத மழை பெய்தால் ரப்பர்த் தளிரில் கசியும் மது கழுவிப்போகும், தளிரில் சாம்பல் நோய் பற்றும்; அந்த ஆண்டு தேன் இல்லை. காப்பிக்கு முதல் மழை வந்து அடுத்த மழை தவறினால் பூ கருகும். பூக்கும் காலமும் மலைத்தேனீ வந்து சேரும் காலமும் விலகிப் போகின்றனவா என்பது வேறு கேள்வி. அதற்கு இரண்டையும் ஒரே இடத்தில் பல ஆண்டுகள் குறித்து வைத்த பதிவேடு வேண்டும்.

அரசின் விடை: இன்னும் பெட்டிகள்

2017-இல் காதி ஆணையத்தின் தேன் இயக்கம், 2020-இல் 500 கோடி ரூபாயில் தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கம் என்று அரசின் விடை இனிப்புப் புரட்சி என்ற பெயரில் வந்தது. நாட்டின் தேன் உற்பத்தி ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. இதில் பெரும்பகுதி 1960-களில் இமாசலத்து நக்ரோட்டாவில் வேரூன்றிப் பஞ்சாப், அரியானாவின் கடுகு வயல்களில் பரவிய இத்தாலியத் தேனீயின் உழைப்பு. நிலமற்றவருக்கு வருமானம் என்ற அளவில் இத்திட்டங்களைக் குறை சொல்ல இயலாது. மகரந்தச் சேர்க்கையைக் காக்கும் திட்டம் என்று சொல்லும்போதுதான் தயக்கம் எழுகிறது. வளர்ப்புத் தேனீ காட்டுத் தேனீயோடு உணவுக்குப் போட்டியிடுகிறதா என்று பார்த்த உலக ஆய்வுகளை 2017-இல் ஒரு மதிப்புரை தொகுத்தபோது, அவற்றில் பாதியளவு தீங்கு உண்டு என்றன. மீதியில் சில தீங்கு இல்லை என்றன, சில கலவையான முடிவுகளைத் தந்தன.

வருமானக் கணக்கிலும் பெட்டி மட்டும் போதவில்லை. 2020 திசம்பரில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 வணிகப் பெயர்களில் விற்ற தேனைச் சோதித்ததில், எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்று மட்டுமே. சோதனையில் பிடிபடாதபடி வடிவமைத்த சர்க்கரைப் பாகுகள் கலக்கப்படுவதாக அந்த மையம் கூறியது. நிறுவனங்கள் மறுத்தன. பாகோடு போட்டியிடும் விலைக்குத் தேன் விற்க வேண்டியிருந்தால், பெட்டி எண்ணிக்கை கூடுவது உற்பத்தியாளரின் நட்டத்தையும் சேர்த்தே கூட்டும்.

எவை இன்னும் தீரவில்லை

மேலே கண்ட விடைகளில் முற்றிலும் தவறானது ஒன்றும் இல்லை. எடுப்பவர்களே காரணம் என்பது மட்டும் சான்றில் மிகவும் மெலிந்தது. நோய் வளர்ப்புக் கூட்டங்களின் திடீர்ச் சரிவை விளக்குகிறது, மெதுவான தேய்வை விளக்கவில்லை. மருந்து, அதை மிகுதியாகத் தெளிக்கும் பயிர்களில் உறுதியான காரணி. காட்டினுள் வாழும் மலைத்தேனீக்கு அது எவ்வளவு எட்டுகிறது என்பது தெளிவில்லை. நிலமாற்றம் அகன்ற விளக்கம். ஆனால் ரப்பரும் தைலமும் காட்டுவதுபோல் அது தேனைக் கூட்டிப் பூச்சியைக் குறைக்கவும் வல்லது என்பதால், தேன் விளைச்சலை அளவுகோலாகக் கொண்டு அதைச் சோதிக்க முடியாது. காரணங்கள் ஒன்றையொன்று பெருக்குகின்றன என்பது ஆய்வாளர்களின் பொதுவான ஊகமாக இருக்கிறது. தென்னிந்தியக் களத்தில் அது நிறுவப்படவில்லை.

முதலில் வேண்டியது எண்ணிக்கை. தேன் உற்பத்தியும் பெட்டியும் ஆண்டுதோறும் எண்ணப்படுகின்றன. கத்தரி வயலுக்கு எத்தனை நீலவரித் தேனீ வந்தது, ஒரு பாறையில் எத்தனை மலைத்தேனீ அடை தொங்கியது என்பதை எண்ண எந்தத் துறைக்கும் பொறுப்பு இல்லை. வேளாண் துறை வயலோடு நிற்கிறது, வனத்துறை காட்டின் எல்லையோடு நிற்கிறது, தோட்டக்கலைத் துறை பெட்டியை வழங்குகிறது. பாறையை ஆண்டுதோறும் பார்க்கும் பழங்குடிச் சமூகங்களிடம் இந்தப் பொறுப்பைக் கூலியோடு ஒப்படைக்கலாம் என்ற யோசனை உண்டு. சமூக வன உரிமை ஏற்கப்பட்ட கிராம சபைகளுக்குச் சட்டப்படி அதற்கு இடமும் இருக்கிறது. அவர்கள் எண்ணித் தரும் கணக்கு தேன் சேகரிப்புக்கு எதிரான புதிய தடைக்கே ஆதாரமாகிவிடுமோ என்ற அவர்களின் ஐயத்துக்கு வனத்துறை இன்னும் பதில் சொல்லவில்லை.